மின்கலம் செத்த பிறகும் பேசும் செயற்கைக்கோள்

ஏஓ-7 என்ற செயற்கைக்கோளில் உயிருள்ள மின்கலம் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1974 நவம்பர் 15 அன்று விண்ணுக்குப் போன அந்தக் கோள், ஆறரை ஆண்டு ஒழுங்காக உழைத்துவிட்டு, 1981இன் நடுவில் மின்கலத்தில் குறுக்குச்சுற்று ஏற்பட்டு அடங்கிப்போனது. கட்டியவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த கோளைக் கட்டப் போய்விட்டார்கள். இருபத்தோரு ஆண்டு கழித்து, 2002 ஜூன் 21 அன்று, இங்கிலாந்தில் ஒரு ஹாம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேச உரிமம் பெற்றவர், தன் வானொலியில் எதிர்பாராத மோர்ஸ் ஒலி ஒன்றைக் கேட்டார். அது ஏஓ-7இன் பீக்கன், அதாவது கோள் தான் இருப்பதைத் தெரிவிக்கத் தானாக அனுப்பும் அடையாள ஒலி. குறுக்குச்சுற்றாக ஒட்டிக்கிடந்த மின்கலம் எப்போதோ முற்றாக அறுந்து, திறந்த சுற்றாகிவிட்டிருந்தது. அதுவரை சூரியப் பலகைகள் தந்த மின்சாரத்தையெல்லாம் அந்தப் பிணம்தான் விழுங்கிக்கொண்டிருந்தது. அது வழிவிட்டதும் மின்சாரம் நேராகக் கருவிகளுக்குப் போகத் தொடங்கியது. பழுது முற்றியதாலேயே பிழைத்துக்கொண்ட இயந்திரம்!

அன்று முதல் அதன் பிழைப்பு வெயிலை நம்பித்தான். பூமியின் நிழலுக்குள் போனால் அணைந்துவிடும். வெளியே வந்தால் விழித்துக்கொள்ளும். கீழிருந்து வரும் அலையை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இரண்டு அதில் உண்டு. விழிக்கும்போது எது இயங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிழலே படாத பருவங்களில் மட்டும் உள்ளிருக்கும் கடிகாரம் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டையும் மாற்றிப் போடும். 2024 நவம்பரில் அது ஐம்பது வயதைத் தாண்டியது. நுண்செயலி எதுவும் இல்லாத, சுமார் 29 கிலோ எடையுள்ள, பொழுதுபோக்காளர்கள் கூடிக் கட்டிய பொருள் அது.

இந்தக் கட்டுரையை ஏஓ-7இல் தொடங்கியதற்குக் காரணம் அதன் வயது மட்டுமல்ல. ஹாம் செயற்கைக்கோள்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ராக்கெட்டையும் சாதனையையும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது, ஒரே ஒரு சிறிய மின்சார ஊற்றை முகம் தெரியாத பலர் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பது. மின்கலம் இல்லாத ஏஓ-7இல் அந்தப் பங்கீடு காதுக்கே கேட்கும்.

எப்படி என்று சொல்கிறேன். ஏஓ-7இல் இருப்பவை நேரியல் டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 432 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒரு சிறு பட்டையில் கீழிருந்து வரும் எல்லாக் குரல்களையும் அது ஒன்றாக அள்ளி, 145 மெகாஹெர்ட்ஸ் அருகே மாற்றி, அப்படியே கீழே கொட்டுகிறது. யார் பேசுகிறார், என்ன மொழி, மோர்ஸா குரலா என்று எதையும் பார்ப்பதில்லை. ஒரே நேரத்தில் ஏழெட்டு உரையாடல்கள் அருகருகே நடக்கலாம். ஆனால் கீழே அனுப்பும் பெருக்கியின் ஆற்றல் சில வாட்தான். அந்தச் சில வாட்டை மேலே வந்து சேரும் குரல்கள் தங்கள் வலிமைக்கேற்பப் பிரித்துக்கொள்கின்றன. ஒருவர் பெரிய பெருக்கியும் நீளமான ஆன்டெனாவும் வைத்துக்கொண்டு மேலே வந்தால், பட்டையில் மற்ற எல்லோருடைய குரலும் தானாகத் தாழ்ந்துவிடும். அவர் யாரையும் குறுக்கிடவில்லை, வேறு அலைவரிசையில் ஓரமாகத்தான் இருக்கிறார். இருந்தும் எல்லோருடைய பங்கையும் எடுத்துக்கொண்டுவிட்டார்.

மின்கலம் உள்ள கோள்களில் இது வெறும் அநியாயம். ஏஓ-7இல் ஆபத்தும்கூட. தாங்கிப்பிடிக்க மின்கலம் இல்லாததால், பலமான அலை வந்ததும் மின்னழுத்தம் சரிகிறது. அலையாக்கி தடுமாறி, பட்டையில் இருக்கும் குரல்களெல்லாம் நீருக்கடியில் இருந்து வருவதுபோல் நடுங்குகின்றன. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கோள் நின்றுபோய் மறுபடி முதலிலிருந்து விழிக்கும். நான் அதில் பேசும்போதெல்லாம் இந்த நடுக்கத்தைக் கேட்டிருக்கிறேன். அப்போது அனுபவசாலி யாராவது ஒருவர், பெயர் சொல்லித் திட்டாமல், "வாட்டைக் குறையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு விலகுவார். பெரும்பாலும் பட்டை தெளிந்துவிடும்.

இப்படிக் கத்துகிறவர்களுக்கு ஹாம் உலகில் முதலை என்று பட்டப்பெயர். வாய் பெரிது, காது சிறிது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுடைய பிழை பெரும்பாலும் எளிமையானது: கோளிலிருந்து வரும் தங்கள் குரலையே அவர்களால் கேட்க முடிவதில்லை. ஏற்பி சரியில்லை, அல்லது ஆன்டெனா தப்பான திசையில் நிற்கிறது. கேட்கவில்லை என்றதும் அனுப்பும் ஆற்றலைக் கூட்டுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறானது. முதலில் காதைச் சரிசெய்ய வேண்டும்: ஆன்டெனாவின் அருகிலேயே நல்ல முன்பெருக்கி, இழப்புக் குறைந்த கேபிள், சரியான திசை. பிறகு சில வாட்டே போதும் என்பது தெரியும். செயற்கைக்கோளில் பேச நினைக்கும் புதியவர் எந்த வானொலி வாங்கலாம் என்று கேட்டால், அனுப்பும் கருவியைப் பற்றி நான் கடைசியில்தான் வாய் திறப்பேன்.

கேட்டுக்கொண்டே பேசுவது என்பது இங்கே நேர்ப்பொருளில் உண்மை. ஒரு காதில் ஹெட்போன். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் விண்ணுக்குப் போய்ச் சில பத்து மில்லிவிநாடி தாமதத்தில் திரும்பி வருகிறது. திரும்பி வரும் குரலின் சுருதி ஓரிடத்தில் நிற்காது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால், டாப்ளர் விளைவில் 435 மெகாஹெர்ட்ஸ் அலை, கோள் நெருங்கும்போது சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் ஏறியும் விலகும்போது அதே அளவு இறங்கியும் வரும். 145இல் இது சுமார் 3 கிலோஹெர்ட்ஸ்தான். பல டிரான்ஸ்பாண்டர்கள் பட்டையைத் தலைகீழாகத் திருப்பி அனுப்புவது இதற்காகத்தான்: மேலே போகும்போது ஏறியதும் கீழே வரும்போது ஏறியதும் ஓரளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மிச்சத்தைக் கையால் திருகியோ கணினியிடம் விட்டோ சரிசெய்ய வேண்டும். நான் கையால் திருகுகிற கட்சி. கணினி செய்யும் திருத்தம் துல்லியமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கைக்கு வேலை இல்லாவிட்டால் கவனம் அலைபாய்கிறது.

ஒரு கோள் தொடுவானத்தில் எழுந்து மறைய, தாழ்ந்த பாதை என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஏஓ-7 சுமார் 1,450 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் இருபது நிமிடம் வரை கிடைக்கும். அதற்குள் அழைப்புக்குறி, இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடக் கட்டத்தின் குறியீடு, ஒரு வணக்கம். சொந்தக் கதைக்கு இடமில்லை. இந்த அவசரத்தைப் பிடிக்காத ஹாம்கள் உண்டு, அவர்கள் சிற்றலையிலேயே நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஒரே அலைவரிசை கொண்ட எஃப்எம் கோள்களில் நிலைமை இன்னும் நெருக்கடி. அங்கே பங்கீடே கிடையாது. பலமான குரல் மற்றதை முழுதாக மூடிவிடும். 2002 டிசம்பரில் ஏவப்பட்ட எஸ்ஓ-50ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக அதில் ஒரு பத்து நிமிடக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் 74.4 ஹெர்ட்ஸ் தொனியுடன் அழைத்தால் அது விழிக்கும். பிறகு 67 ஹெர்ட்ஸ் தொனியுடன் யாரும் பேசலாம். விழிக்கவைத்தவருக்குத் தனியுரிமை எதுவும் இல்லை. ஆளில்லாத கடற்பரப்பைக் கடந்து தூங்கியபடி வரும் கோளை, கரையோரத்தில் இருக்கும் முதல் ஹாம் தட்டி எழுப்பிவிட்டு, தானே பேசாமல் ஒதுங்குவதையும் கேட்டிருக்கிறேன்.

இந்தக் கலாசாரத்தின் வேர் முதல் கோளிலேயே இருக்கிறது. ஸ்புட்னிக் போய் நான்கு ஆண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகியிருந்தது. 1961 டிசம்பர் 12 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து அமெரிக்க விமானப்படையின் டிஸ்கவரர் 36 கிளம்பியது. ராக்கெட்டின் எடையைச் சமன் செய்ய வைக்கும் வெறும் பாரத்துக்குப் பதிலாக, ஹாம்கள் தங்கள் சொந்த நேரத்தில் கட்டிய சுமார் நான்கரை கிலோப் பெட்டி ஒன்றை ஏற்றிக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். அதுதான் ஆஸ்கார் 1. சுமார் 140 மில்லிவாட் ஆற்றலில், 145 மெகாஹெர்ட்ஸ் அருகே, மோர்ஸில் நான்கு புள்ளி, இரண்டு புள்ளி என்று அது திரும்பத் திரும்ப அனுப்பியது. ஹாம்களின் மோர்ஸ் வழக்கில் அது சிரிப்பு. வேறு செய்தி இல்லையா என்றால், இருந்தது: அந்தச் சிரிப்பின் வேகம் பெட்டிக்குள் இருந்த வெப்பநிலையைப் பொறுத்து மாறியது. கையில் ஒரு கடிகாரம் இருந்தால் போதும், கோளின் காய்ச்சலை அளந்துவிடலாம். 28 நாடுகளிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஹாம்கள் தாங்கள் கேட்டதை எழுதி அனுப்பினார்கள். இருபது நாள் சொச்சத்தில் மின்கலம் தீர்ந்தது.

கேட்டவர் யாரானாலும் தரவு அவருடையது, கேட்டதைத் திருப்பித் தருவது அவருடைய நன்றி. இந்த ஏற்பாடு 1961இலேயே வந்துவிட்டது. 1969இல் அமெரிக்காவில் ஹாம் செயற்கைக்கோள்களுக்கென்றே ஆம்சாட் என்ற அமைப்பு உருவாகி, பிறகு பல நாடுகளில் அதே பெயரில் தனித்தனி அமைப்புகள் கிளைத்தன. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய கோள் 1970இல் ஏறியது. 2005 மே 5 அன்று கார்ட்டோசாட்-1க்குத் துணையாக பிஎஸ்எல்வி-சி6இல் போன 42.5 கிலோ ஹாம்சாட் எனக்குப் பிரியமானது. அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்றை இந்தியாவில் செய்தார்கள், மற்றொன்றை நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மாணவர் செய்து தந்தார். விஓ-52 என்ற பெயரில் ஒன்பது ஆண்டு உழைத்து, 2014 ஜூலையில் அதுவும் மின்கலத்தால்தான் முடிந்தது. எத்தனை கோள்களைப் பார்த்தாலும் முதலில் சாவது பெரும்பாலும் மின்கலம்தான்.

1999இல் கியூப்சாட் என்ற கனசதுரக் குட்டிச் செயற்கைக்கோள் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாப் ட்விக்ஸும் கால் பாலி பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புய்க்-சுவாரியும் சேர்ந்து வகுத்த அளவு: பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர், எடை ஒரு கிலோவை ஒட்டி. 2003 ஜூன் 30 அன்று ரஷ்யாவின் பிளிசெட்ஸ்க் தளத்திலிருந்து முதல் தொகுதி ஏறியது. அதில் டோக்கியோ பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய எக்ஸ்ஐ-4, தன்னைக் கட்டிய மாணவர்கள் பேராசிரியர்களாகும் வயதுவரை பீக்கன் அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்தச் சின்னப் பெட்டிகளின் உள்ளே பார்க்கும்போது எனக்குப் பிடித்த பாகம் ஆன்டெனா. பெட்டி பத்து சென்டிமீட்டர், 145 மெகாஹெர்ட்ஸ் கால் அலை ஆன்டெனா ஐம்பது சென்டிமீட்டர். எங்கே வைப்பது? பல குழுக்கள் தச்சர் இடுப்பில் செருகியிருக்கும் எஃகு அளவுநாடா போன்ற பட்டையையே வெட்டி, பெட்டியைச் சுற்றி மடக்கி, நைலான் நூலால் கட்டிவிடுகின்றன. மேலே போனதும் ஒரு சிறிய மின்தடையம் சூடாகி நூலை உருக்கும். பட்டை தன் இயல்பில் நிமிர்ந்துகொள்ளும். இத்தனை கோடிக் கணக்கான ரூபாய் ராக்கெட்டின் பயன், கடைசியில் ஒரு நூல் அறுவதில் தொங்குகிறது. அறாவிட்டால் கோள் ஊமை. தரையில் குளிரிலும் வெற்றிடத்திலும் திரும்பத் திரும்ப நூலை அறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நூலுக்குப் பக்கத்தில் மாற்று மின்தடையம் ஒன்றை வைக்காத குழுவை நான் நம்புவதில்லை.

கியூப்சாட் விதிப்படி, ராக்கெட்டிலிருந்து வெளியேறிய பிறகு முப்பது நிமிடம் கழியாமல் ஆன்டெனாவை விரிக்கக் கூடாது. நாற்பத்தைந்து நிமிடம் கழியாமல் அலை எதுவும் அனுப்பக் கூடாது. அதற்குள் கோள் பூமியைப் பாதி சுற்றி எங்கேயோ போயிருக்கும். ஆகவே அதன் முதல் குரலைக் கட்டியவர்கள் கேட்பது அரிது. வேறு கண்டத்தில், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத யாரோ ஒருவர் கேட்பார். அவர் அனுப்பும் பதிவைப் பார்த்துத்தான் மாணவர்கள் மூச்சு விடுவார்கள். முதல் சில நாட்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே ராக்கெட்டில் பல கோள்கள் போயிருந்தால், ராடார் காட்டும் புள்ளிகளில் நம்முடையது எது? 2017 பிப்ரவரியில் பிஎஸ்எல்வி-சி37 ஒரே பயணத்தில் 104 கோள்களை இறக்கியதை நினைத்துப் பாருங்கள். இங்கேயும் டாப்ளர் கைகொடுக்கிறது. சுருதி எந்த நொடியில் எவ்வளவு சரிகிறது என்று பதிவுசெய்து, ஒவ்வொரு புள்ளியின் பாதையோடும் பொருத்திப் பார்த்தால், ஒன்று மட்டும் சரியாக உட்காரும். இதை ஹாம்கள் வீட்டிலிருந்தே செய்கிறார்கள். கிரேக்கத்தில் தொடங்கிய சாட்நாக்ஸ் என்ற திறந்த வலையமைப்பு, உலகெங்கும் தன்னார்வலர்கள் வைத்திருக்கும் தரைநிலையங்களை இணைத்து, இந்த வேலையைப் பகலிரவு பாராமல் நடத்துகிறது.

இனி ஒரு மனக்குறை. இன்று மேலே போகும் பல்கலைக்கழகக் கியூப்சாட்களில் பல, ஹாம் அலைவரிசையில் இடம் வாங்கிக்கொள்கின்றன. உலகெங்கும் இலவசமாகக் கேட்டுத்தர ஆள் கிடைக்கும், வேறு அலைவரிசை வாங்கும் தலைவலி இல்லை. ஆனால் அவற்றில் பல டிரான்ஸ்பாண்டர் கொண்டுபோவதில்லை. தங்கள் தரவை மட்டும் கொட்டிவிட்டுப் போகின்றன. இதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், அந்தத் தரவின் வடிவத்தை வெளிப்படையாக அறிவித்தால். ஹாம் வானொலியின் அடிப்படை விதி, பொருளை மறைக்கும் குறியாக்கம் கூடாது என்பது. கோளைக் கட்டுப்படுத்தும் ஆணைகளுக்கு மட்டும் விலக்கு. சில குழுக்கள் வடிவத்தை வெளியிடுவதை ஏவிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன, பிறகு மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கோள் சுற்றிக்கொண்டே யாருக்கும் புரியாமல் பிதற்றுகிறது. இதற்கு நேர் எதிரான முன்மாதிரியும் கண்ணெதிரே இருக்கிறது. 2013 நவம்பரில் ஏறிய ஃபன்கியூப்-1 ஒரே ஒரு கியூப் அளவுதான். பகலில் பள்ளிகளுக்காகப் பலமான டெலிமெட்ரி (கோள் தன் நிலையைப் பற்றி அனுப்பும் அளவுகள்), இரவில் ஹாம்களுக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பத்து சென்டிமீட்டருக்குள் இரண்டையும் அடைத்துவிட்டார்கள். இடமில்லை என்ற சாக்கு அதோடு காலாவதியாகிவிட்டது.

பங்கீட்டுக்குத் திரும்புகிறேன். 2018 நவம்பர் 15 அன்று, ஏஓ-7 ஏறி சரியாக நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, கத்தாரின் எஸ்ஹெயில்-2 என்ற தொலைக்காட்சிக் கோள் ஏறியது. அதில் ஹாம்களுக்காகவும் டிரான்ஸ்பாண்டர் வைத்திருந்தார்கள். கியூஓ-100 என்று பெயர். 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 25.9 பாகையில் அசையாமல் நிற்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் மேலே, 10.489 கிகாஹெர்ட்ஸில் கீழே. பிரேசிலின் கிழக்கிலிருந்து தாய்லாந்து வரை எப்போதும் வானத்தில் இருக்கும். தொலைக்காட்சிக்கு வைக்கும் சிறு டிஷ் போதும். குரல் போய்வரக் கால் விநாடி. அவசரமே இல்லை. ஆற்றலோ ஏஓ-7இன் பரிதாப நிலை இல்லை.

அங்கும் முதலைகள் வந்தன. எதிர்பார்த்ததுதான் என்பதால், ஜெர்மன் ஹாம்கள் முன்பே ஏஓ-40 கோளுக்காக உருவாக்கியிருந்த லெய்லா என்ற கண்காணிப்பு முறையை இங்கும் தயாராக வைத்திருந்தார்கள். விதி எளிமையானது: உங்கள் குரல் கோளின் பீக்கனைவிடப் பலமாக இருக்கக் கூடாது. மீறினால் லெய்லா உங்கள் அலைவரிசையிலேயே ஒரு சைரன் ஒலியை ஏற்றிவிடும். உங்கள் குரலின் மேல் அது ஊளையிடும். நீங்கள் மட்டுமல்ல, பிரேசிலிலும் தாய்லாந்திலும் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோரும் கேட்பார்கள். வாட்டைக் குறைத்ததும் நின்றுவிடும். தங்கள் குரலையே கேட்க முடியாதவர்களிடம் இதனால் பயன் இல்லையே என்று முதலில் நினைத்தேன். ஆனால் உரையாடும் மறுமுனைக்காரர் சொல்லிவிடுகிறார், "லெய்லா வந்துவிட்டாள், குறையுங்கள்" என்று. மனிதர் சொன்னால் கோபித்துக்கொள்பவர்கள், சைரன் சொன்னால் பேசாமல் குறைத்துக்கொள்கிறார்கள்.

காதுதான் முதலில் என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகப் பெரிய சான்று நிலவில் இருக்கிறது. 2018 மே மாதம் சீனாவின் ஹார்பின் தொழில்நுட்ப நிறுவனம் கட்டிய லாங்ஜியாங்-2 என்ற சிறு கோள் நிலவின் சுற்றுப்பாதைக்குப் போனது. மாணவர்கள் செய்த சிறிய கேமராவும் ஹாம் அலைவரிசை வானொலியும் அதில் இருந்தன. டெலிமெட்ரி வடிவத்தைத் திறந்து வைத்தார்கள், படம் எடுக்கும் ஆணையை ஹாம்களும் அனுப்ப வழி செய்தார்கள். ஜெர்மனியில் ஒரு ஹாம் தன் வீட்டு ஆன்டெனாக்களிலிருந்து ஆணை அனுப்ப, நெதர்லாந்தின் ட்விங்கலோவில் 1956இல் கட்டிய 25 மீட்டர் வானொலித் தொலைநோக்கியைப் பழுதுபார்த்துப் பராமரிக்கும் ஆர்வலர்கள் பதிலைக் கேட்டார்கள். நாலு லட்சம் கிலோமீட்டர் கடந்து துளித்துளியாக வந்த தரவில், 2019 பிப்ரவரியில் ஒரு படம் விரிந்தது: முன்னே நிலவின் மறுபக்கம், பின்னே முழுப் பூமி. அந்த ஜூலை 31 அன்று கோள் திட்டமிட்டபடி நிலவில் மோதியது. அதன் அனுப்பியின் ஆற்றல் இரண்டு வாட்தான்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: பேசுவதற்கு உங்கள் நாட்டு உரிமம் வேண்டும், தேர்வு எழுத வேண்டும். கேட்பதைப் பெரும்பாலான நாடுகளில் அதற்கு முன்பே தொடங்கலாம். கணினியில் செருகும் மலிவான மென்பொருள் வானொலி ஒன்று, அளவுநாடாவையும் பிவிசி குழாயையும் வெட்டிச் செய்த மூன்று உறுப்பு யாகி ஆன்டெனா ஒன்று. முதலில் 145.800 மெகாஹெர்ட்ஸில் சர்வதேச விண்வெளி நிலையத்தை முயலுங்கள். எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்காது, அனுப்பும்போது பலமாகக் கேட்கும். அடுத்து, புதிதாக ஏறும் மாணவர் கியூப்சாட் ஒன்றின் ஏவுநாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் சில சுற்றுகளில் வரும் டெலிமெட்ரியைப் பதிவுசெய்து அந்தக் குழுவுக்கு அனுப்புங்கள், நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிப்பிட்டு. அவர்கள் அப்போது வரும் எந்தப் பதிவையும் திறந்து பார்ப்பார்கள்.